ஜடேஜாவுக்கு அப்போ வயசு 21

நம்ம ஹாஸ்டல் டி.வி. ரூமை ஏப்ரல் மாசத்துல ஒரு தடவை பார்த்திருந்தீங்கன்னா தெரியும். ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் சிவப்பு. சி.எஸ்.கே.வுக்கும் ஆர்.சி.பி.க்கும் மேட்ச்னா வார்டனே வந்து நடுவுல நாற்காலி போட்டு உட்கார்ந்துடுவார். தெற்கே இருந்து வந்த ஜூனியர்களுக்கு இது புரியவே புரியாது. "தமிழ்நாட்டுல இருந்துக்கிட்டு எப்படிண்ணா ஆர்.சி.பி.?"ன்னு கேட்பாங்க. ஓசூர் பஸ் ஸ்டாண்டுல இருந்து சின்னசாமி ஸ்டேடியம் சுமார் 40 கிலோமீட்டர். சேப்பாக்கம் 300-க்கும் மேல. ஜூஜூவாடியைத் தாண்டினா அத்திப்பள்ளி, அப்புறம் எலக்ட்ரானிக் சிட்டி, அவ்வளவுதான். வீட்டுல தெலுங்கு, தெருவுல கன்னடம், ஸ்கூல்ல தமிழ்னு வளர்ந்த பசங்க எந்த டீமை வேணும்னாலும் எடுத்துக்கலாம். யாரும் தடுக்க முடியாது.

ரசிகனுக்கு இருக்கிற இந்த வசதி, அந்த டீமுக்காக ஆடுறவனுக்கு இருக்கா? இல்லை. நாம எல்லாரும் ஏலத்தைப் பார்க்கிறோம். கையில போன், கால்குலேட்டர், யார் கிட்ட எவ்வளவு பணம் மிச்சம்னு கணக்கு. வீரர் பேர் ஸ்கிரீன்ல வரும், பலகை மேல போகும், சுத்தியல் விழும். அந்த நேரத்துல அந்த ஆள் எங்கேயோ ஒரு ஓட்டல் ரூம்ல உட்கார்ந்து நம்மளை மாதிரியே டி.வி. பார்த்துட்டு இருப்பார். அடுத்த மூணு வருஷம் எந்த ஊர்ல, எந்தக் கோச் கிட்ட, எந்த பாஷைக்கு நடுவுல இருக்கப் போறோம்னு அவருக்கும் நமக்கும் ஒரே செகண்ட்லதான் தெரியும்.

இதைப் பத்தி எழுதணும்னு தோணினதுக்குக் காரணம் கிரிக்கெட் இல்லை, நம்ம பிளேஸ்மென்ட் செல். அதைக் கொஞ்சம் கழிச்சுச் சொல்றேன். முதல்ல ஜடேஜா.

2008 மார்ச். இந்திய அண்டர்-19 அணி மலேசியாவுல உலகக் கோப்பை ஜெயிச்சுட்டுத் திரும்பின சமயம். ஐ.பி.எல். தொடங்கப் போகுது. பெரிய வீரர்களுக்குப் பிப்ரவரியிலேயே ஏலம் முடிஞ்சது. இந்தச் சின்னப் பசங்களுக்கு ஏலம் கிடையாது, டிராஃப்ட். சம்பளம் முன்னாடியே நிர்ணயம் பண்ணியாச்சு, அணிகள் வரிசையா வந்து ஆளைப் பொறுக்கிக்க வேண்டியதுதான். டெல்லிப் பையன் விராட் கோலியை டெல்லி எடுக்கலை. பேட்ஸ்மேன் நிறைய இருக்காங்கன்னு இடது கை வேகப்பந்து வீச்சாளர் பிரதீப் சங்வானை எடுத்தாங்க. கோலி பெங்களூருக்கு வந்தார். மீதிக் கதை உங்களுக்கே தெரியும், 2025 ஜூன் 3 வரைக்கும். அதே டிராஃப்ட்ல சௌராஷ்டிராவைச் சேர்ந்த ரவீந்திர ஜடேஜா ராஜஸ்தானுக்குப் போனார். முதல் வருஷமே கோப்பை.

ரெண்டு சீசன் முடிஞ்சது. ஜடேஜா ராஜஸ்தானோட ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காம, வேற அணிப் பக்கம் நேரடியா பேசிப் பார்த்தார். வாரியம் என்ன பண்ணுச்சு தெரியுமா? 2010 சீசன் முழுசும் ஆடக் கூடாதுன்னு தடை. அவருக்கு அப்போ வயசு 21. மேட்ச் ஃபிக்சிங் இல்லை, ஊக்க மருந்து இல்லை. வேற கம்பெனியில வேலை கேட்டுப் பார்த்தார், அதுதான் குற்றம்.

எங்க அப்பா ஐ.டி.ஐ. ஃபிட்டர். சிப்காட்ல ஒரு கம்பெனியில பத்து வருஷம் இருந்தார். அப்புறம் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற இன்னொரு கம்பெனியில கொஞ்சம் கூடத் தர்றாங்க, நைட் ஷிஃப்ட் கம்மின்னு கேள்விப்பட்டு டீக்கடையிலேயே பேசி முடிச்சார். ஒரு மாசம் நோட்டீஸ். அதுக்கப்புறம் அதே டிபன் பாக்ஸ், அதே சைக்கிள், வேற கேட். அவரை யாரும் ஒரு வருஷம் வேலை செய்யக் கூடாதுன்னு சொல்லலை. கோடிக்கணக்கில் சம்பாதிக்கிற ஆளுக்கு, மாசச் சம்பள ஃபிட்டருக்கு இருக்கிற உரிமை இல்லைன்னா அது வேடிக்கையாத்தான் இருக்கு.

சரி, எதிர்க்கட்சி வாதத்தையும் கேட்போம், ஏன்னா அது லேசான வாதம் இல்லை. டிராஃப்ட்ங்கிற யோசனை அமெரிக்க ஃபுட்பால்ல வந்தது. 1930-கள்ல பெர்ட் பெல் என்கிற பிலடெல்பியா அணியோட முதலாளி, நல்ல பையன் எல்லாம் பணக்கார டீமுக்கே போறான், நாங்க தோத்துக்கிட்டே இருக்கோம்னு சொல்லி, கடைசி இடத்துல இருக்கிற டீம் முதல்ல தேர்ந்தெடுக்கணும்னு ஒரு முறையைக் கொண்டு வந்தார். 1936-ல் முதல் டிராஃப்ட். விருப்பப்படி போகலாம்னு விட்டா எல்லாரும் ரெண்டு மூணு டீமுக்குத்தான் போவாங்க. மீதி டீம் எல்லாம் சும்மா ஒப்புக்குச் சப்பாணி. அப்புறம் மேட்ச் எதுக்கு? ஐரோப்பிய கால்பந்துல டிராஃப்டே இல்லை. 1995-ல் போஸ்மேன் என்கிற பெல்ஜிய வீரரோட வழக்குல தீர்ப்பு வந்தப்புறம், ஒப்பந்தம் முடிஞ்சா ஐரோப்பிய யூனியனுக்குள்ள எந்த கிளப்புக்கு வேணும்னாலும் பணம் கட்டாமப் போகலாம். அங்கே சில லீக்ல வருஷா வருஷம் யார் ஜெயிப்பாங்கன்னு ஆகஸ்ட்லயே சொல்லிடலாம். இது உண்மைதான்.

நம்ம டி.என்.பி.எல்.லும் இப்படித்தான் ஆரம்பிச்சது. 2016-ல் இருந்து ஆறு சீசன் டிராஃப்ட். வீரர்களைப் பிரிவு பிரிவா வெச்சு, பிரிவுக்கு இவ்வளவுன்னு சம்பளம். 2023-லதான் ஏலம் வந்தது. அந்த முதல் ஏலத்துலயே சாய் சுதர்சனை கோவை 21.6 லட்சத்துக்கு எடுத்துச்சு. ஐ.பி.எல்.ல அப்போ அவர் சம்பளம் 20 லட்சம்! மாநில லீக்ல கிடைச்சது அதைவிட அதிகம். அப்போ டிராஃப்ட் இருந்த வரைக்கும் எத்தனை பேருக்கு அவங்க விலையே தெரியாம இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

ஆக, ஏலம் டிராஃப்டைவிட நல்லது. விலையாவது தெரியுது. ஆனா ஏலத்துக்குக் காது ஒண்ணுதான். அதுக்குப் பணம் மட்டும்தான் கேட்கும்.

இப்போ என் கதை. நான் மெக்கானிக்கல், நாலாவது வருஷம். (பன்னிரண்டாவது வரைக்கும் இங்கிலீஷ் மீடியம். இந்தக் கட்டுரையில ர, ற எல்லாம் சரியா இருந்தா அதுக்கு எடிட்டருக்கு நன்றி சொல்லுங்க.) செப்டம்பர்ல ஒரு ஐ.டி. கம்பெனி வந்தது. ஆப்டிட்யூட் எழுதினேன், இன்டர்வியூல கேட்டதுக்குச் சொன்னேன், ஆஃபர் வந்தது. வீட்டுல அம்மா சந்திரசூடேஸ்வரர் மலை ஏறி விளக்குப் போட்டுட்டு வந்தாங்க. ஆஃபர்ல வேலை செய்ற ஊர்னு ஒரு வரி. கம்பெனியோட தேவையைப் பொறுத்து இந்தியாவுல எங்கே வேணும்னாலும். ரெண்டு வருஷ பாண்ட். நான் சந்தோஷமாத்தான் இருந்தேன், பொய் சொல்லலை.

நவம்பர்ல ஓசூர்லயே ஒரு கம்பெனி வந்தது. பிரஸ் டூல், டை டிசைன். எனக்கு ரெண்டாவது வருஷத்துல இருந்தே அதுதான் பைத்தியம். மூணாவது வருஷ இன்டர்ன்ஷிப்ல டூல் ரூம்ல நின்னு பார்த்த நாள்ல இருந்து யூடியூப்ல நான் பார்க்கிறதே அதுதான். ஆனா என் பேர் லிஸ்ட்ல இல்லை. ஒரு மாணவருக்கு ஒரு ஆஃபர். நம்ம காலேஜ் விதி, உங்களுக்கும் தெரியும். விதிவிலக்கு ஒண்ணே ஒண்ணு. புதுசா வர்ற கம்பெனி குறிப்பிட்ட அளவு சம்பளம் அதிகமாத் தந்தா 'டிரீம் ஆஃபர்'னு மறுபடி உட்கார விடுவாங்க. ஓசூர் கம்பெனி சம்பளம் கொஞ்சம் கம்மி. கம்மிச் சம்பளத்துக்கு ஒருத்தன் ஏன் போகணும்னு நினைப்பான்னு அந்த விதி எழுதினவருக்குத் தோணவே இல்லை. கனவுன்னா அது ரூபாயிலதான் இருக்கும்னு முடிவு பண்ணிட்டாங்க.

கோபமா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன். ஆனா என் ரூம்மேட் பக்கத்துக் கட்டில்ல தூங்கிட்டு இருக்கான். ராயக்கோட்டைப் பக்கம் ஊர், வீட்டுல தக்காளி போடுறாங்க, விலை கிடைச்சா ஃபீஸ், கிடைக்கலைன்னா கடன். நாலு கம்பெனியில வெளியே வந்தவன். அந்த ஓசூர் கம்பெனியில அவனுக்குத்தான் கிடைச்சது. நான் உட்கார்ந்திருந்தா அவனுக்குக் கிடைச்சிருக்குமான்னு எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். நாங்க அதைப் பத்திப் பேசிக்கிறதில்லை. பெர்ட் பெல் சொன்னது இதைத்தான். விதி என்னை வெளியே நிறுத்தினதாலதான் அவனுக்குக் கதவு திறந்தது. அதனால "எல்லாருக்கும் முழு சுதந்திரம் கொடு"ன்னு என்னால கோஷம் போட முடியலை. போட்டா ராத்திரி அவன் முகத்தைப் பார்க்கணும்.

ஆனா முழு சுதந்திரத்துக்கும் வாயே திறக்காம இருக்கிறதுக்கும் நடுவுல எவ்வளவோ இடம் இருக்கு.

தினேஷ் கார்த்திக்கை எடுத்துக்கோங்க. சென்னைக்காரர். 2008 ஏலத்துல சென்னை தன்னை எடுக்கும்னு நம்பினதையும், தோனியை எடுத்தப்போ மனசு உடைஞ்சதையும் அவரே பின்னாடி சொல்லியிருக்கார். டெல்லி, பஞ்சாப், மும்பை, பெங்களூர், குஜராத் லயன்ஸ், கொல்கத்தா. ஆறு டீம். 2024-ல் ஆர்.சி.பி.யில ஓய்வு. ஒரு சீசன்கூட மஞ்சள் சட்டை போடலை. தோனியை எடுத்தது தப்புன்னு எந்தச் சிவப்புக் கட்சிக்காரனும் சொல்ல மாட்டான். டீமுக்குத் தேர்வு செய்ற உரிமை இருக்கு. எனக்கு உறுத்துறது வேற. இத்தனை வருஷத்துல அவருக்கு எங்கே ஆட ஆசைன்னு கேட்கிற ஒரு இடமே அந்த ஏற்பாட்டுல இல்லை. அஸ்வின் 2015-க்கு அப்புறம் புனே, பஞ்சாப், டெல்லி, ராஜஸ்தான்னு சுத்திட்டு 2025-ல்தான் சென்னைக்கு வந்தார், 9.75 கோடிக்கு. ஒரே சீசன். ஆகஸ்ட்ல ஐ.பி.எல்.ல இருந்தே விலகிட்டார்.

ஊர் பாசம் மட்டும்னு நினைக்காதீங்க. சின்னப்பம்பட்டி நடராஜன் சேலம் மாவட்டம். டி.என்.பி.எல்.ல யார்க்கர் போட்டு, 2017-ல் பஞ்சாப் அவரை 3 கோடிக்கு எடுத்தது. தமிழ் தவிர வேற பாஷை சரியா வராத ஒருத்தர், திடீர்னு அந்த டிரெஸ்ஸிங் ரூம்ல. அடுத்த வருஷம் ஹைதராபாத் எடுத்தப்போ விலை 40 லட்சம். ஆனா அங்கே பௌலிங் கோச் முத்தையா முரளிதரன். தமிழ்லயே சந்தேகம் கேட்கலாம். ரெண்டு சீசன் பெஞ்சுல இருந்தார். 2020-ல் ஆட ஆரம்பிச்சார், அந்த வருஷக் கடைசியில ஆஸ்திரேலியாவுல இந்தியாவுக்கு ஆடினார். 3 கோடியா 40 லட்சமான்னு ஏலத்தைக் கேட்டா 3 கோடிதான் நல்லதுன்னு சொல்லும். ஒரு பௌலருக்கு எது நல்லதுன்னு கேட்டா பதில் வேற மாதிரி வரலாம். கோச்சோட பேச முடியுமா, நான் ஆடுற இடத்துல ஏற்கனவே யாராவது இருக்காங்களா, காயம் பட்டா யார் பார்த்துப்பாங்க, இதெல்லாம் விலைப் பலகையில வராது.

"விருப்பம் கேட்டா எல்லாரும் மும்பை, சென்னைன்னுதான் எழுதுவாங்க"ன்னு சொல்வீங்க. மாட்டாங்க. ஒரு விக்கெட் கீப்பர் தோனி இருந்த டீமுக்கு வந்து பத்து வருஷம் தண்ணி தூக்கவா ஆசைப்படுவான்? கூடவே ஒவ்வொரு டீமுக்கும் செலவு வரம்பு இருக்கு. 2025 ஏலத்துல 120 கோடி. அந்த வரம்பு இருக்கிற வரைக்கும் ஒரே டீம் எல்லாரையும் வாங்க முடியாது. சமநிலையைக் காப்பாத்துறது அந்த வரம்புதான், வீரரோட வாயை மூடி வைக்கிறது இல்லை.

சரி, என்ன பண்ணலாம்? என் யோசனை சின்னதுதான். முதல் தடவை டிராஃப்டோ ஏலமோ டீம்களே தேர்ந்தெடுக்கட்டும். ஆனா ஒரே விலைக்கு ரெண்டு டீம் தயாரா இருந்தா, எந்த டீம்னு வீரர் சொல்லட்டும். அவ்வளவுதான். யாருக்கும் ஒரு ரூபாய் நஷ்டம் இல்லை.

இது கற்பனைக் கேள்வின்னு நினைச்சீங்கன்னா மறுபடி ஜடேஜாகிட்ட வாங்க. தடை முடிஞ்சு 2011-ல் கொச்சிக்குப் போனார், அந்த டீமே ஒரு வருஷத்துல காணாமப் போச்சு. 2012 ஏலத்துல சென்னையும் டெக்கானும் மோதி, அப்போ இருந்த உச்ச வரம்பு 20 லட்சம் டாலரை ரெண்டு பேரும் தொட்டுட்டாங்க. ரெண்டு டீம், ஒரே விலை. போன் எடுத்து "தம்பி, எங்கே போறே?"ன்னு கேட்டா முடிஞ்சது. அதுக்குப் பதிலா என்ன பண்ணாங்க? ரெண்டு டீமும் ரகசியமா ஒரு கூடுதல் தொகையை எழுதிக் கொடுக்கணும், யார் அதிகமோ அவங்களுக்கு ஆள். அந்தக் கூடுதல் பணம் வீரருக்குக் கிடையாது, வாரியத்துக்கு. சென்னை ஜெயிச்சது. எவ்வளவு எழுதினாங்கன்னு வெளியே சொல்லலை. ஒரு ஆளைக் கேட்காம இருக்கிறதுக்காக இவ்வளவு சிக்கலான ஏற்பாடு!

இப்போதும் அது போகலை, வேற வேஷத்துல இருக்கு. 2024 நவம்பர் ஜெட்டா ஏலத்துல அர்ஷ்தீப் சிங்குக்கு ஹைதராபாத் 15.75 கோடி வரைக்கும் போச்சு. பஞ்சாப் தன்னோட 'ரைட் டு மேட்ச்' அட்டையைத் தூக்கினது. ஹைதராபாத் 18-ன்னு ஏத்தினது. பஞ்சாப் அதுக்கும் சரின்னுச்சு. 18 கோடிக்கு ரெண்டு டீமும் தயார். யார் முடிவு பண்ணது? பழைய டீம். அர்ஷ்தீப்புக்குப் பஞ்சாப்தான் பிடிக்கும்னு வெச்சுக்கோங்க, அப்பவும் கேட்டிருந்தா அவரே சொல்லியிருப்பார்.

இத்தனைக்கும் இதே ஐ.பி.எல்.ல டிரேடுக்கு மட்டும் வீரரோட சம்மதம் வேணும். 2025 நவம்பர்ல ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்கு, சஞ்சு சாம்சன் சென்னைக்குன்னு மாறினாங்க இல்லையா, அது அப்படித்தான். நம்ம மஞ்சள் பக்கம் அன்னைக்கு ஒருத்தன் மெஸ்ல சாப்பிடவே வரலை. ஜடேஜாவோட சம்பளம் 18 கோடியில இருந்து 14 ஆச்சு. வயசு 36. எந்த டீம் பக்கம் போகாம இருக்கப் பார்த்ததுக்காக 21 வயசுல ஒரு வருஷம் வீட்டுல உட்கார்ந்தாரோ, அதே டீமுக்கு நாலு கோடி கம்மியா வாங்கிட்டுச் சம்மதம் சொல்லிப் போறார். அதே ராஜஸ்தான்தான், இந்தத் தடவை அவர் சரின்னு சொல்லணும்னு விதி இருந்தது.

அமெரிக்காவுல இந்த மாதிரி முரண்டு பிடிச்சவங்க உண்டு. 1983-ல் ஜான் எல்வே பால்டிமோருக்கு ஆட மாட்டேன், பேஸ்பால் ஆடப் போயிடுவேன்னு மிரட்டி டென்வருக்கு மாறினார். 2004-ல் ஈலை மேனிங் சான் டியேகோ வேண்டாம்னு சொல்லி அன்னைக்கே நியூயார்க் போனார். ஆனா கவனிங்க, எல்வே கையில இன்னொரு விளையாட்டு இருந்தது, மேனிங்கோட அப்பாவே பழைய ஸ்டார். மறுக்கிற தைரியம் மாற்று வழி இருக்கிறவனுக்குத்தான் வரும். இல்லாதவனுக்குத்தான் விதி வேணும். ராயக்கோட்டைக்காரனுக்கு.

அதனால பிளேஸ்மென்ட் செல்லுக்கு என் விண்ணப்பமும் அதே அளவு சின்னதுதான். ஒரு மாணவருக்கு ஒரு ஆஃபர், இருக்கட்டும். என் ரூம்மேட்டுக்காக இருக்கட்டும். ஜூலையில ரெஜிஸ்ட்ரேஷன் ஃபார்ம் தர்றீங்க இல்லையா, அதுல சி.ஜி.பி.ஏ., அரியர், பத்தாவது மார்க் எல்லாம் கேட்கிறீங்க. எந்த மாதிரி வேலை, எந்த ஊர்னு ரெண்டு வரி சேர்த்துக் கேளுங்க. 'டிரீம்' விதியில சம்பளம் மட்டும் இல்லாம கோர் வேலையையும் ஒரு காரணமா ஏத்துக்கோங்க. வர்ற கம்பெனிகளோட தேதியை ஜூலையிலேயே போட்டுட்டா, எதுக்குக் காத்திருக்கலாம்னு நாங்களே முடிவு பண்ணிப்போம். தப்பா முடிவு பண்ணா அது எங்க தப்பு. ஜூனியர்ஸ், உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கு, போய்க் கேளுங்க.

எனக்கு இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் அனுப்பணும்னு மெயில் வந்திருக்கு. ஏத்துக்கிறேன், மறுக்கிறேன்னு ரெண்டே பட்டன். ஊர் எதுன்னு சொல்ற கட்டம் இல்லை. அடியில 'குறிப்புகள்'னு சின்னதா ஒரு பெட்டி. 200 எழுத்து. நேத்து ராத்திரி மூணு தடவை டைப் பண்ணி அழிச்சேன். இப்போ அதுல "பெங்களூர் கிளை கிடைத்தால் நல்லது, வீடு ஓசூர்"னு இருக்கு. எலக்ட்ரானிக் சிட்டியா இருந்தா தினமும் பஸ்ல போய்ட்டு வந்துடலாம். சனிக்கிழமை டூல் ரூம் பக்கமும் போகலாம், ரூம்மேட் உள்ளே கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கான்.